வெந்நீர் போதவில்லையா? இரண்டாவது ஹீட்டர் மாட்டும் முன்பு இதைப் படியுங்கள்!

மார்கழி பிறந்துவிட்டால் போதும். பெங்களூரில் விடியற்காலையில் குளியல் அறை வாசலில் "கியூ" நின்றுவிடும்.

ஊரில் என்றால் கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டு போய்விடலாம். இங்கே அது நடக்காது. மாடித் தொட்டியில் இரவு முழுவதும் கிடந்த தண்ணீர் கையில் பட்டாலே உடம்பு நடுங்கும்.

ஸ்ரீராமபுரத்தில் ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டில் 6 பேர். குடும்பத் தலைவர் ஒரு கம்பெனியில் கிளார்க். மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. மகள் கல்லூரியிலும், மகன் பள்ளியிலும் படிக்கிறார்கள். கிளார்க்கின் தம்பிக்கு முதல் ஷிப்ட். 6 மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். ஆறாவது ஆள், ஊரில் இருந்து வந்திருக்கும் வயதான தாயார்.

வீட்டில் ஹீட்டர் ஒன்றுதான். 15 லிட்டர் பிடிக்கும். தம்பி குளித்து முடித்ததும் அடுத்தவருக்கு அரை வாளி வெந்நீர் கிடைக்கும். மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான்!

"ஏங்க, பின்னாடி இருக்கிற குளியல் அறையிலயும் ஒரு ஹீட்டர் மாட்டிட்டா என்ன? போனஸ் பணம் வந்திருக்கே" என்கிறார் மனைவி.

"எனக்காக ஒண்ணும் வாங்க வேண்டாம்ப்பா. நான் வெயில் வந்த பிறகு குளிச்சுக்கிறேன்" என்கிறார் தாயார்.

இப்படிப் பேச்சு நடக்கும் தமிழர் வீடுகள் பெங்களூரில் ஏராளம். இரண்டாவது ஹீட்டர் வாங்குவது தவறல்ல. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பார்க்காவிட்டால் பணம் வீணாகும். சில சமயம் உயிருக்கே ஆபத்து வரும்.

தாமிர அண்டா

பெங்களூரின் பழைய வீடுகளில் குளியல் அறை மூலையில் அடுப்பு கட்டி, அதன் மேல் தாமிர அண்டாவைப் பதித்திருப்பார்கள். கன்னடத்தில் அதற்கு "ஹண்டே" என்று பெயர். தென்னை மட்டையும் விறகும் போட்டு எரித்தால், வீடு முழுவதும் குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் கொதிக்கும்.

அந்த அண்டாவில் இருந்த வசதி என்ன தெரியுமா? கொள்ளளவு! ஒரே தடவை காய்ச்சினால் எல்லோருக்கும் போதும். அண்டா போய் மின்சார ஹீட்டர் வந்ததும் புகை போயிற்று, கரி போயிற்று. கூடவே கொள்ளளவும் குறைந்துவிட்டது. இன்றைய தொல்லைக்கு அதுதான் காரணம்.

கணக்கு என்ன சொல்கிறது?

விடியற்காலையில் தொட்டித் தண்ணீரின் சூடு 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிப்பதற்கு 40 டிகிரி போதும். ஹீட்டருக்குள் தண்ணீர் 60 டிகிரி வரை சூடாகிறது. அப்படியானால் பாதி வெந்நீர், பாதி பச்சைத் தண்ணீர் என்று கலந்தால் சரியாக இருக்கும்.

ஒருவருக்கு 20 லிட்டர் வாளியில் ஒரு வாளி. அதற்கு ஹீட்டரில் இருந்து 10 லிட்டர் வேண்டும். 6 பேருக்கு 60 லிட்டர். 15 லிட்டர் ஹீட்டர் 4 தடவை நிறைந்து, 4 தடவை காய வேண்டும்.

2,000 வாட் ஹீட்டர் 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 21 நிமிடம் ஆகும். 4 தடவைக்கு 84 நிமிடம். அதாவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்!

ஆகவே அந்த வீட்டு ஹீட்டர் சோம்பேறி அல்ல. அதன் சக்திக்கு மேல் வேலை வாங்குகிறார்கள். அவ்வளவுதான்.

முதலில் பழையதைப் பாருங்கள்

இரண்டாவது ஹீட்டர் வாங்கும் முன்பு, முதல் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது நல்லது. பல வீடுகளில் அதிலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

ஒன்று: சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அது 45 டிகிரியில் நின்றால், 15 லிட்டர் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து ஏறக்குறைய 19 லிட்டர் குளிக்கும் தண்ணீர்தான் கிடைக்கும். 60 டிகிரியில் வைத்தால் 30 லிட்டர் கிடைக்கும். ஒரு திருகில் 11 லிட்டர் வித்தியாசம்!

இரண்டு: குழாய் இணைப்பு. நீல அடையாளம் உள்ள பக்கம் பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழி. சிவப்பு, வெந்நீர் வெளியே வரும் வழி. பிளம்பர் அவசரத்தில் மாற்றி இணைத்துவிட்டால், உள்ளே வெந்நீர் மிச்சம் இருக்கும்போதே குழாயில் பச்சைத் தண்ணீர் வந்துவிடும்.

மூன்று: உப்பு. போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் காயில் மீது சுண்ணாம்பு போல உப்பு படியும். காயில் சீக்கிரமே எரிந்துபோகும். தொட்டியின் அடியில் கசடு சேர்ந்தால், தண்ணீர் பிடிக்கும் அளவும் குறையும். ஆண்டுக்கு ஒரு தடவை ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்வதற்கு ஆகும் செலவு, புது ஹீட்டரின் விலையோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு.

பெரியதா? இன்னொன்றா?

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. சின்ன ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் பெரியதாக மாட்டலாம். அல்லது அதை வைத்துக்கொண்டே இன்னொன்றைச் சேர்க்கலாம்.

50 லிட்டர் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலும் 2,000 வாட் காயில் என்றால் பழைய மின்சார லயன் நல்ல நிலையில் இருக்கும்வரை அதுவே போதும். தண்ணீர் காய 70 நிமிடம் ஆகும். 4½ மணிக்கு ஸ்விட்சைப் போட்டால், 6 மணிக்குள் 5 பேருக்கான வெந்நீர் தயார்.

ஆனால் எடையைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் மட்டுமே 50 கிலோ. தொட்டியின் எடை வேறு. மெல்லிய தடுப்புச் சுவரிலும், உள்ளே வெற்றிடம் உள்ள கல்லிலும் அதைத் தொங்கவிடக் கூடாது.

குளியல் அறை ஒன்றுதான் என்றால் பெரிய ஹீட்டர் நல்லது. இரண்டு இருந்தால் இரண்டாவது ஹீட்டர் நல்லது. ஏன்? வெந்நீர் இருந்தாலும் கதவு ஒன்றுதானே! உள்ளே ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியே இருப்பவர் என்ன செய்வார்?

தண்ணீர் வந்தவுடன் சூடாக்கும் ஹீட்டர்

கடையில் 3 லிட்டர் ஹீட்டரைக் காட்டி, "ஸ்விட்ச் போட்டதும் வெந்நீர்" என்பார்கள். விலையும் குறைவு. ஆனால் அதற்கு 3,000 வாட் மின்சாரம் வேண்டும். 20 டிகிரி தண்ணீரை 40 டிகிரி ஆக்க, அது நிமிடத்துக்கு 2 லிட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் தரும். 20 லிட்டர் வாளி நிறைய 9 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பாத்திரம் கழுவவும், முகம் கழுவவும் அது சரி. 6 பேர் வரிசையில் நிற்கும் வீட்டுக்கு அது மட்டும் போதாது.

எப்படி இணைப்பது?

இரண்டு ஹீட்டர்களை இணைப்பதில் மூன்று முறைகள் இருக்கின்றன.

முதல் முறை, ஒன்றன் பின் ஒன்று. முதல் ஹீட்டரில் இருந்து வரும் வெந்நீர் இரண்டாவது ஹீட்டருக்குள் போகும். அங்கிருந்து குளியல் அறைக்கு வரும். பச்சைத் தண்ணீர் முதல் தொட்டியில்தான் கலக்கும் என்பதால், இரண்டாவது தொட்டி கடைசிவரை சூடாக இருக்கும். இரண்டு 15 லிட்டர் தொட்டிகள் ஒரே 30 லிட்டர் தொட்டியைப் போல வேலை செய்யும்.

இதில் ஒரு குறை உண்டு. ஒரு ஹீட்டர் ஒழுகினால் இரண்டும் நின்றுவிடும். அதைத் தவிர்க்க, பழுதான ஹீட்டரை விட்டுவிட்டுத் தண்ணீர் வேறு வழியாகப் போகும்படி சுற்றுக் குழாயும் வால்வுகளும் வைக்க வேண்டும்.

இரண்டாவது முறை, அருகருகே. பச்சைத் தண்ணீர் பிரிந்து இரண்டு ஹீட்டர்களுக்கும் போகும். வெந்நீர் ஒரே குழாயில் வந்து சேரும். இரண்டு பக்கமும் குழாயின் நீளமும் வளைவுகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் குட்டையாக உள்ள பக்கத்தின் வெந்நீர் முதலில் தீர்ந்துவிடும். அதன் பிறகு அந்தப் பக்கம் வரும் பச்சைத் தண்ணீர், மறுபக்க வெந்நீரையும் கெடுத்துவிடும்.

மூன்றாவது முறை, தனித்தனி. முன் குளியல் அறைக்கு ஒன்று, பின் குளியல் அறைக்கு ஒன்று. ஒன்றுக்கு ஒன்று சம்பந்தம் கிடையாது. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். குழாய்ச் செலவும் குறைவு. வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஏற்றது இதுதான். வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம்.

இதில் தண்ணீரும் மிச்சமாகும். முக்கால் அங்குலக் குழாய் 20 மீட்டர் ஓடினால், அதற்குள் 5 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். வெந்நீர் வருவதற்காக ஒவ்வொரு தடவையும் அந்த ஆறிய தண்ணீரைக் கீழே விடுகிறோம். பெங்களூருக்கு வரும் காவிரி, ஏறக்குறைய 100 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்து மேட்டில் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எந்த முறையானாலும் ஒவ்வொரு ஹீட்டருக்கும் தனியாகப் பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் அதிகமானால் அதைத் திறந்துவிடுவது அந்த வால்வுதான். அதில் சொட்டு விழுகிறதே என்று குச்சி வைத்து அடைப்பவர்கள் உண்டு. ஹீட்டரை வெடிகுண்டு ஆக்குவதற்குச் சமம் அது!

வயர் தாங்குமா?

ஸ்ரீராமபுரம் வீட்டுக்குத் திரும்புவோம். கிளார்க் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து வருகிறார். தர்மபுரிப் பக்கத்துக்காரர். அவர் ஹீட்டரைப் பார்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கிறார்.

"இதைப் பாருங்க சார். பிளக்கு முனை பழுப்பு ஏறிப்போச்சு. ஒரு ஹீட்டருக்கே இந்தக் கதி. இதே லயன்ல இன்னொண்ணு போட்டா, சுவருக்குள்ள வயர் உருகிடும்" என்கிறார்.

"பிளக்கை மட்டும் புதுசா மாத்தினா போதாதாப்பா?" என்று கேட்கிறார் கிளார்க்.

"செருப்பை மாத்தினா கால்வலி போகுமா சார்? வயரு மெலிசு. அதைத்தான் மாத்தணும்."

அவர் சொல்வது சரிதான். 2,000 வாட் ஹீட்டர் ஒன்று ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 17 ஆம்பியருக்கு மேல். அதே நேரத்தில் ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போடுவார். சமையல் அறையில் மிக்சி ஓடும். எல்லாம் சேர்ந்தால் 25 ஆம்பியர் வரும்.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட மெல்லிய வயர் இதைத் தாங்காது. பியூஸ் போனால் தப்பித்தோம். பியூஸ் போகாமல் இருக்கத் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பார்களே, அங்கேதான் ஆபத்து. பியூஸ் போகாது, வயர் எரியும்!

இரண்டாவது ஹீட்டருக்கு மெயின் போர்டில் இருந்து தனி வயர் இழுக்க வேண்டும். 4 சதுர மில்லி மீட்டர் தாமிர வயர் நல்லது. அதற்குத் தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த் ஆகிய மூன்றும் கட்டாயம். இவற்றோடு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியையும் போர்டில் பொருத்தினால், ஈரக் கையில் ஷாக் அடித்து உயிர் போகும் ஆபத்து பெருமளவு குறையும்.

ஹீட்டரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நட்சத்திர முத்திரையில் நட்சத்திரம் கூடக்கூட, காய்ந்த தண்ணீர் சும்மா ஆறிப்போவது குறையும்.

மீட்டரும் பில்லும்

பெஸ்காம் பில்லை எடுத்துப் பாருங்கள். ஆர்.ஆர். நம்பரோடு, அந்த வீட்டுக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்பதும் அதில் இருக்கும். 2 கிலோவாட் அனுமதி உள்ள வீட்டில் 4 கிலோவாட் ஹீட்டர்களை ஒரே நேரத்தில் போடுவது முறையல்ல. கூடுதல் அனுமதிக்கு வீட்டு ஓனர்தான் மனுக் கொடுக்க வேண்டும். அனுமதி கூடினால் மாதாந்திர நிலைக் கட்டணமும் கூடும்.

இன்னொரு விஷயம். கர்நாடக அரசு 2023-ம் ஆண்டு "கிருக ஜோதி" என்ற இலவச மின்சாரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வாடகைக்கு இருப்பவர்களும் அதில் சேரலாம். ஆனால் மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல, பில் முழுவதையும் கட்ட வேண்டும் என்பது அதன் விதி.

6 பேர் குளிக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2.8 யூனிட் செலவாகும். மாதத்துக்கு 84 யூனிட். ஹீட்டர் ஒன்றானாலும் இரண்டானாலும், அதே அளவு தண்ணீருக்கு இந்தக் கணக்கு மாறாது. ஆனால் இரண்டு இருக்கிறது என்று இரண்டையும் நாள் முழுவதும் போட்டு வைத்தாலோ, ஆளுக்கு இரண்டு வாளி குளித்தாலோ 200 யூனிட் கோடு நெருங்கிவிடும். ஸ்விட்சை அணைக்க மறந்ததற்கு மாதக் கடைசியில் பில் முழுவதையும் கட்ட நேரிடும்.

மாடியில் சூரிய ஹீட்டர்

பெங்களூரில் மொட்டை மாடிகளைப் பார்த்தால் சூரிய ஹீட்டர்கள் வரிசையாகத் தெரியும். 2007-ம் ஆண்டில் கர்நாடக அரசு பல வகைக் கட்டிடங்களுக்கு இதைக் கட்டாயம் ஆக்கியது. வெயில் உள்ள நாளில் காசு இல்லாமல் வெந்நீர்!

மழைக்காலத்தில்தான் தொல்லை. இரண்டு நாள் மேகம் மூடினால் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வரும். இதற்காக மாடித் தொட்டிக்குள்ளேயே மின்சாரக் காயில் வைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் காயில் 100 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் காய்ச்ச ஏறக்குறைய 4½ யூனிட் ஆகும். இரண்டு வாளிக்காக 100 லிட்டரையும் காய்ச்ச வேண்டுமா?

அந்த இடத்தில் இரண்டாவது ஹீட்டர் உண்மையாகவே கைகொடுக்கும். சூரிய ஹீட்டர் குழாயைக் குளியல் அறையில் உள்ள 15 லிட்டர் மின்சார ஹீட்டருக்குள் விட வேண்டும். 35 டிகிரியில் தண்ணீர் வந்தால், 21 நிமிடத்துக்குப் பதில் 13 நிமிடத்தில் காய்ந்துவிடும். வெயில் நாளில் ஹீட்டரின் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம்.

ஆனால் ஒன்று. கோடையில் மாடியில் இருந்து 70 டிகிரிக்கு மேலும் தண்ணீர் வரலாம். அவ்வளவு சூடான தண்ணீரை உள்ளே விடலாமா என்று ஹீட்டர் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். குழாயும் வெந்நீருக்கு உரிய குழாயாக இருக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை விட்டு, பிறகு வெந்நீரைக் கலப்பது நல்லது. 60 டிகிரி தண்ணீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்.

உயிருக்கு உலை வைக்கும் கியாஸ்

வயர் மாற்றும் செலவைக் கேட்டதும் சிலர், "கியாஸ் ஹீட்டர் போட்டுவிடலாமே" என்று நினைப்பார்கள். மின்சாரப் பில் இல்லை. வெந்நீரும் உடனே வரும். ஆனால் அதைக் குளியல் அறைக்குள் மாட்டினால் எமனை வீட்டுக்கு அழைத்தது போல.

கியாஸ் எரியக் காற்று வேண்டும். கதவைச் சாத்திய சின்ன அறையில், குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்திருந்தால், அறையில் உள்ள காற்றை அடுப்பு தின்றுவிடும். காற்று குறைந்ததும் கியாஸ் சரியாக எரியாது. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும்.

அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு கால் தள்ளாடும். கதவைத் திறக்கலாம் என்று நினைக்கும்போது கை எழாது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்பதால் வெளியே இருப்பவர்களுக்குச் சந்தேகமே வராது.

இப்படி இளைஞர்களும், தாயும் பிள்ளையும், புதுமணத் தம்பதிகளும் மாண்டுபோன செய்திகள் குளிர்காலந்தோறும் நாட்டின் பல பாகங்களில் இருந்து வருகின்றன.

கியாஸ் ஹீட்டர்தான் வேண்டும் என்றால் அதைக் குளியல் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். குழாயில் வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

யாராவது மயங்கி விழுந்தால், கதவைத் திறந்து அல்லது உடைத்து, அவரைத் திறந்த வெளிக்குத் தூக்கி வர வேண்டும். சிலிண்டரை மூட வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது.

தனி அறைக்காரர்களுக்கு

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, 4 பேர் 5 பேராக ஒரே அறையில் தங்கியிருக்கும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாளியில் போடும் கம்பி ஹீட்டர்தான் கதி.

1,500 வாட் கம்பி 6½ ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகக் கூடாது. வரிசையில் ஆள் அதிகம் என்று இரண்டாவது கம்பியை அதே பெட்டியில் சொருகுவது அதைவிடத் தவறு. இரும்பு வாளி வேண்டவே வேண்டாம். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் பலரைக் கொன்றிருக்கிறது. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும்.

என்ன முடிவு?

ஸ்ரீராமபுரம் கிளார்க் வீட்டில் என்ன செய்தால் நல்லது? பழைய ஹீட்டரைச் சுத்தம் செய்து, திருகை 60-ல் வைக்க வேண்டும். பின் குளியல் அறையில் 15 லிட்டரில் இன்னொரு ஹீட்டரைத் தனி வயரில் மாட்ட வேண்டும். வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுவரில் ஓட்டை போட்ட பிறகு சொன்னால் அட்வான்சில் பிடித்துக்கொள்வார்!

இரண்டையும் ஒரே நேரத்தில் போட வேண்டியது இல்லை. 4¾ மணிக்கு முன் ஹீட்டர். அது காய்ந்ததும் அதை அணைத்துவிட்டுப் பின் ஹீட்டர். 5½ மணிக்குள் 30 லிட்டர் வெந்நீர் தயார். முதல் மூன்று பேருக்கு அது போதும். தம்பி ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அண்ணன் இன்னொரு அறையில் குளித்துக்கொண்டிருப்பார். காலியான ஹீட்டரை மாற்றி மாற்றிப் போட்டால், 6½ மணிக்குள் மற்றவர்களுக்கும் கிடைத்துவிடும். மீட்டருக்கும் பாரம் இல்லை.

இரண்டு ஹீட்டரையும் ஒரே சமயத்தில் போட மறதியால்கூட முடியாதபடி, மாற்று ஸ்விட்ச் ஒன்றை வைக்கவும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லலாம். அது ஹீட்டரின் ஆம்பியரைத் தாங்கும் ஸ்விட்சாக இருக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால், வயருக்கும் எம்.சி.பி.க்கும் ஆகும் பணம் மனத்தைக் கரிக்கத்தான் செய்யும். போனஸ் பணத்தில் ஒரு பகுதி சுவருக்குள் மறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத செலவு! ஆனால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குளிப்பது நம் பிள்ளைகள்.

வெயில் வந்த பிறகு குளித்துக்கொள்கிறேன் என்ற தாயாரும் இனி விடியற்காலையிலேயே குளித்துவிட்டு விளக்கு ஏற்றலாம்.

தண்ணீர் சுடட்டும். வயர் சுட வேண்டாம்!